ரேடியேஷன் கான்பரன்ஸுக்கு பேப்பர் அனுப்பப் போறீங்களா? முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இசிஇ படிக்கிற தம்பிங்க தங்கச்சிங்க நாலஞ்சு பேர் இந்த வருஷம் என்கிட்ட ரேடியேஷன் கான்பரன்ஸுக்கு பேப்பர் எப்படி அனுப்புறதுன்னு கேட்டுட்டாங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடலாம்னு.

எலக்ட்ரானிக்ஸ்ல ரேடியேஷன் என்ன பண்ணுதுன்னு மட்டுமே ஒரு வாரம் உக்காந்து பேசுற பெரிய கான்பரன்ஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணு அமெரிக்காவோட என்எஸ்ஆர்இசி, 1964ல இருந்து நடக்குது, ஜூலைல வரும். இன்னொண்ணு ஐரோப்பாவுல ராடெக்ஸ், 1989ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சது, பெரும்பாலும் செப்டம்பர் அக்டோபர் வாக்குல. என்எஸ்ஆர்இசிக்கு பிப்ரவரியிலேயே சம்மரி போயிடணும். சம்மரின்னா பத்து வரி இல்ல, படம் டேபிள் எல்லாம் சேர்த்து 2 பக்கத்துக்கு குறையாம 4 பக்கத்துக்கு மேல போகாம இருக்கணும். அதனால ஜூலைல தான கான்பரன்ஸ்னு உக்காந்திருக்காதீங்க, பிப்ரவரில இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க.

எப்படி எண்ணணும்னு சொல்றேன். நீங்க ஒரு பைபோலார் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குற சிப்பு) எடுத்து 50 கிலோராட் (ராட்ங்கிறது ரேடியேஷன் டோஸோட அளவு, கிலோராட்னா 1,000 ராட்) வரைக்கும் டெஸ்ட் பண்றீங்கன்னு வைங்க. கோபால்ட்-60 சேம்பர்ல (காமா கதிர் குடுக்குற பெட்டி) செகண்டுக்கு 50 ராட் குடுத்தா 1,000 செகண்ட், ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். ஆனா 1991ல ஒரு விஷயம் வெளிய வந்துச்சு, சில பைபோலார் பார்ட்டுங்க மெதுவா டோஸ் வாங்கினா தான் ரொம்ப கெட்டுப் போகுது, வேகமா குடுத்தா நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்துதுன்னு. ஸ்பேஸ்ல டோஸ் மெதுவா தான் ஏறும். அதனால செகண்டுக்கு 10 மில்லிராட்னு குடுத்துப் பாக்கணும், அப்போ அதே 50 கிலோராட்டுக்கு 50 லட்சம் செகண்ட், கிட்டத்தட்ட 58 நாள். முன்னாடி பின்னாடி அளக்குறதையும் சேத்தா தீபாவளி முடிஞ்ச கையோட சிப்பு சேம்பருக்குள்ள போயிருக்கணும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம். சம்மரில ரிசல்ட்டை விட எந்த நிலைமைல அளந்தீங்கங்கிறது தான் பெருசு. பார்ட் நம்பர், டேட் கோட் (எப்போ தயாராச்சுன்னு சிப்பு மேல இருக்கிற நம்பர்), எத்தனை பீஸ், டோஸ் ரேட், பயாஸ் (வோல்டேஜ்) குடுத்தீங்களா இல்ல எல்லா பின்னையும் ஷார்ட் பண்ணி வச்சீங்களா, சேம்பர்ல இருந்து எடுத்து எத்தனை நிமிஷத்துல அளந்தீங்க, ரூம் எத்தனை டிகிரி, இது எல்லாத்தையும் அப்பப்போ லேப் நோட்டுல எழுதிடுங்க. டேட் கோட் மாறினா ஒரே பார்ட் நம்பர்லயே வேற மாதிரி நடந்துக்கும், ஏன்னா கம்பெனி உள்ள ப்ராசஸை மாத்தியிருக்கலாம், வெளிய சொல்ல மாட்டாங்க.

இதை நான் பட்டு தான் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல வெளியூர்ல ஒரு சேம்பர்ல பார்ட்டை வச்சு எடுத்து, பஸ்ல வேலூர் வந்து, மறுநாள் மத்தியானம் அளந்தேன். மே மாசம், ஏசி இல்லாத ரூம், நம்ம ஊர் வெயில் தெரியும்ல. லீக்கேஜ் கரண்ட் (ஓடக் கூடாத எடத்துல கசியிற கரண்ட்) கம்மியா வந்துச்சு, பார்ட் தாங்குதுன்னு கான்பரன்ஸ்ல போஸ்டர் போட்டுட்டேன். போஸ்டர் முன்னாடி நின்ன ஒரு மேடம், எடுத்து எத்தனை மணி நேரம் கழிச்சு அளந்தீங்க, அப்போ டெம்பரேச்சர் என்னன்னு கேட்டாங்க. நான் எழுதி வைக்கல. அவ்ளோதான், அந்த போஸ்டர்ல இருந்த எந்த நம்பரையும் யாரும் எடுத்துக்க முடியாது.

ஏன்னா காமா கதிர் சிப்புல இருக்கிற ஆக்சைடு லேயருக்குள்ள எலக்ட்ரானையும் ஹோலையும் (எலக்ட்ரான் போன காலி எடம்) பிரிச்சு விடும், எலக்ட்ரான் சீக்கிரம் வெளிய ஓடிடும், ஹோல் உள்ளயே மாட்டிக்கும், அந்த சார்ஜ் தான் லீக்கேஜைக் கூட்டுது. நேரம் ஆக ஆக, சூடு ஏற ஏற, அது கொஞ்சம் கொஞ்சமா கரையும். நான் அளந்தது பார்ட்டோட பலத்தை இல்ல, ஒரு ராத்திரியும் மே மாச வெயிலும் ஆத்துனதை. அமெரிக்க மிலிட்டரி ஸ்டாண்டர்டு 883, மெத்தட் 1019 என்ன சொல்லுதுன்னா, எடுத்த 1 மணி நேரத்துக்குள்ள அளக்க ஆரம்பி, 2 மணி நேரத்துக்குள்ள அடுத்த டோஸ் குடு, 24 டிகிரில கூட குறைய 6 டிகிரிக்குள்ள வச்சுக்கோன்னு. நம்ம ஊர்ல ஏசி இல்லாம மே மாசம் அது நடக்காது, நவம்பர் டிசம்பர்ல வேலைய வைங்க, அப்பவும் தெர்மாமீட்டர் பக்கத்துல இருக்கட்டும்.

டோஸ் இல்லாம ஒத்தை ஒத்தை அயன் (சார்ஜ் உள்ள அணு) அடிச்சு பிட் மாறுறதைப் பாக்கணும்னா ஆக்சிலரேட்டர் வேணும், டெல்லில ஐயுஏசிங்கிற ஆராய்ச்சி மையத்துல பெல்லட்ரான்னு ஒரு ஆக்சிலரேட்டர் இருக்கு, பீம் டைமுக்கு (அதுல நமக்கு ஒதுக்குற நேரம்) முன்னாடியே புரபோசல் எழுதணும். இது என்னன்னு வீட்ல கேட்டா ஜவ்வாது மலை காவலூர் டெலஸ்கோப்பை வச்சு சொல்லுங்க. அங்க எடுக்குற சிசிடி படத்துலயும் நட்சத்திரமே இல்லாத எடத்துல காஸ்மிக் ரே விட்டுட்டுப் போன வெள்ளைப் புள்ளி இருக்கும், அது மெமரி செல்லுல விழுந்தா 0 வந்து 1 ஆயிடும்.

பீம் முடிஞ்சதும் கூட வந்த ஃப்ரெண்டு, "இன்னாப்பா, ஒண்ணுமே ஆகல, ரிசல்ட்டே இல்லியே"ம்பான். இருக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி அயன் விட்டும் ஒரு எரர் வரலன்னா, கிராஸ் செக்ஷன் (அயன் அடிச்சா எரர் வர்ற வாய்ப்போட அளவு) 3.7ஐ 1 கோடியால வகுத்தா வர்றதுக்குக் கீழதான்னு 95 சதவீத நம்பிக்கையோட எழுதலாம். சைபர்னு மட்டும் எழுதாதீங்க. 1975ல பைண்டர், ஸ்மித், ஹோல்மன் மூணு பேரும் சாட்டிலைட்ல காஸ்மிக் ரேயால கோளாறு வருதுன்னு எழுதினப்போ அவங்க கையில இருந்தது எல்லா சாட்டிலைட்டையும் சேத்து 17 வருஷ ஓட்டத்துல வெறும் 4 கோளாறு. நாலுன்னு ஒளிக்காம சொல்லி, எப்படி வந்திருக்கும்னு கணக்கு போட்டு காட்டினாங்க.

புது தியரி எதுவும் இல்ல, பார்ட் டெஸ்ட் டேட்டா மட்டும்தான்னா கான்பரன்ஸோட டேட்டா வொர்க்ஷாப்புக்கு (டெஸ்ட் டேட்டாவுக்குன்னே இருக்கிற பகுதி) அனுப்புங்க, அது தாழ்ந்த இடம் இல்ல, சாட்டிலைட்டுக்கு பார்ட் பொறுக்குறவங்க முதல்ல தேடுறதே அதைத்தான்.

விசா விஷயம் சுருக்கமா. ஐரோப்பான்னா பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே ஷெங்கன் அப்ளை பண்ணலாம், அக்செப்டன்ஸ் மெயில் வந்த அன்னிக்கே இன்விடேஷன் லெட்டர் கேட்டுடுங்க.

போஸ்டர் ஏ0 சைஸ்னா துணில பிரிண்ட் எடுத்து மடிச்சு பைல வைங்க. எழுத்தைக் குறைச்சு, டெஸ்ட் கண்டிஷன் டேபிளை கண்ணு மட்டத்துக்கு ஏத்துங்க. அந்த லேப் நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, எத்தனை மணிக்கு அளந்தீங்கன்னு யாராவது கேட்டா அந்த பக்கத்தைத் திறந்து அவங்ககிட்டயே குடுங்க.