பிஜித் தீவுகளின் ஆட்சி வரலாற்றைக் கட்டுரையாக எழுதுவது எப்படி?

காலனி ஆட்சி பற்றிய பருவக் கட்டுரைக்குப் பிஜியைத் தேர்ந்தெடுக்கும் நெல்லை மாணவர், பிஜியைப் பிரிட்டனிடம் ஒப்படைத்து 1874 அக்டோபர் 10 அன்று லெவுக்காவில் கையெழுத்தான ஒப்படைப்புப் பத்திரத்திலிருந்து தொடங்காமல், அதற்கு முன் எந்தத் தீவில் யார் சொல் எடுபட்டது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை முதலில் போட்டுக்கொள்வது நல்லது. ம்பாவ், ரேவா, தாக்கவுன்ட்ரோவே, லாவ் ஆகிய தலைவர் ஆட்சிப் பகுதிகளைத் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். லாவ் பகுதியில் தொங்காவிலிருந்து வந்த மாஅஃபு பெற்ற செல்வாக்கையும் சேருங்கள். பெயர்களை ஆங்கில எழுத்துப்படி ஒலிபெயர்க்க வேண்டாம். பிஜி மொழியில் ‘சி’ (c) எழுத்து ‘த’ ஒலி தரும், ‘பி’ (b) எழுத்து ‘ம்ப’ என ஒலிக்கும்; ஆகவே ம்பாவ் தலைவர் சகோபாவ் அல்லர், தாக்கொம்பாவ்.

அவரைப் ‘பிஜி மன்னர்’ என்று எழுதுமுன் சற்று யோசியுங்கள். கட்டபொம்மனைத் திருநெல்வேலிச் சீமை முழுவதற்கும் அரசர் என்று எழுதினால் எட்டயபுரத்தார் ஒப்புக்கொண்டிருப்பார்களா? 1849-இல் ரேவா பக்கம் உள்ள நுக்குலாவ் தீவில் அமெரிக்க வணிகத் தூதர் வில்லியம்ஸின் வீடு எரிந்து பொருள்கள் கொள்ளைபோனபோது, அமெரிக்கர் அந்த ஈட்டுத்தொகையைத் தாக்கொம்பாவின் தலையில் கட்டியதற்கு அந்தப் பட்டமே வசதியாக இருந்தது. அந்தக் கடன் நெருக்கவே 1858-இல் தீவுகளைப் பிரிட்டனுக்குத் தர அவர் முன்வந்தார். பிரிட்டன் அப்போது ஏற்கவில்லை. 1874 பத்திரத்திலோ அவருடன் மாஅஃபு உள்ளிட்ட 12 தலைவர்கள் கையெழுத்திட்டனர். ஒருவர் கையெழுத்து போதாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தாக்கொம்பாவ் விக்டோரியா அரசிக்கு அளித்த போர்த்தடி 1932-இல் திரும்பி வந்து சட்டமன்றச் செங்கோலானதை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் கட்டுரைக்குள்ளேயே எழுதுங்கள்.

அடுத்து, 1875-இல் வந்த ஆளுநர் ஆர்தர் கார்டனின் ஏற்பாட்டை ஏணியாக வரையுங்கள்: கிராமத் தலைவர், அவருக்கு மேல் மாவட்டத்துக்கு ‘ம்புலி’, மாகாணத்துக்கு ‘ரோகோ’, ஆலோசனை சொல்லத் தலைவர் பேரவை. நம் பாளையங்கள் 1801-க்குப் பின் படையிழந்து ஜமீன்களாயின. பிஜித் தலைவரோ சம்பளம் பெறும் அரசு அலுவலரானார், நிலமும் பெரும்பகுதி ‘மத்தங்காலி’ எனும் குலக்குழுவிடமே இருந்தது. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு பத்தி போதும்.

பிஜியரைத் தோட்ட வேலையிலிருந்து காக்க நினைத்த அதே கார்டன்தான், 1879-இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வருகைக்கும் வழி செய்தார். 1903 முதல் சென்னையிலிருந்தும் தமிழர், தெலுங்கர் சென்றனர். தோட்ட முதலாளிக்கும் கங்காணிக்கும் கட்டுப்பட்ட அவர்கள் தலைவர்களின் ஏணியில் எந்தப் படியிலும் இல்லாததால், அவர்களைத் தனிப் பத்தியில் அல்ல, ஏணியின் பக்கத்தில் தனிக் கட்டமாகவே வரைந்து காட்ட வேண்டும். ஒப்பந்தங்கள் 1920-இல் ரத்தானதையும் அங்கேயே குறிக்கலாம். 1970 விடுதலையுடன் கட்டுரையை முடித்துவிடாதீர்கள்: தலைவர் பேரவை 2012-இல் கலைக்கப்பட்டு, 2023-இல் மீண்டும் ம்பாவ் தீவில் கூடியது.