‘கடத்தல் நாடகம்’ என்று சொல்வதற்கு முன்

2015 மார்ச் 23, விடியற்காலை மூன்று மணி இருக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வலேஹோ என்ற ஊர். தூங்கிக்கொண்டிருந்த ஏரன் க்வினும் டெனிஸ் ஹஸ்கின்ஸும் முகத்தில் அடித்த வெளிச்சத்தில் விழித்தார்கள். இருவரும் பிசியோதெரபிஸ்டுகள், காதலர்கள். உள்ளே புகுந்தவன் அவர்களைக் கட்டிப்போட்டான். டேப் ஒட்டி மறைத்த நீச்சல் கண்ணாடியைக் கண்ணில் மாட்டினான். காதில் ஹெட்ஃபோன் வைத்து, முன்பே பதிவுசெய்த குரலை ஓடவிட்டான். தூக்க மருந்து கொடுத்தான். அப்புறம் டெனிஸைக் காரின் டிக்கியில் போட்டுக் கொண்டுபோய்விட்டான். பிணைத்தொகையாகக் கேட்டது 8,500 டாலர் வீதம் இரண்டு தடவை.

இரண்டு நாள் கழித்து, வலேஹோவிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி, டெனிஸின் சொந்த ஊரான ஹண்டிங்டன் பீச்சில் அவரை இறக்கிவிட்டுப் போனான். அன்று இரவே வலேஹோ காவல்துறை செய்தியாளர்களைக் கூட்டியது. இந்தக் கதைக்கு ஆதாரமே இல்லை, எங்கள் ஆட்களை வீணாக அலையவிட்டார்கள், ஊரிடம் இவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அறிவித்தது. அந்த இரண்டு நாளில் டெனிஸை அவன் இரண்டு தடவை பாலியல் வல்லுறவு செய்திருந்தான். அந்தப் பெண்ணைத்தான் மறுநாள் நாடே பொய்க்காரி என்றது.

நடந்தது அத்தனையும் உண்மை. மேத்யூ முல்லர் என்பவன் மூன்று மாதத்துக்குள் பிடிபட்டான், குற்றத்தை ஒப்புக்கொண்டான், 2017-இல் 40 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றான். டெனிஸும் ஏரனும் தொடுத்த வழக்கில் வலேஹோ நகரம் 2018-இல் 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதே வட கலிஃபோர்னியாவில் அடுத்த ஆண்டே ஷெரி பாபினி என்ற பெண் காணாமல் போனார். அவர் சொன்ன கதையை ஊர் நம்பியது. அது பொய். இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நாம் எங்கே தடுக்கி விழுகிறோம் என்பது தெரிகிறது. சந்தேகம் வருவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறோம், எதைப் பார்த்து நம்புகிறோம் என்பதில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது.

நடவடிக்கையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

இதுதான் முதல் தவறு. இதுதான் மிகப் பெரிய தவறும் கூட. டெனிஸ் திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கையில் ஒரு பை இருந்தது, தானே நடந்து வீட்டுக்குப் போனார். கடத்தப்பட்டவள் இப்படியா வருவாள் என்று கேட்டார்கள். ஓடிவந்து கதறி அழவில்லை என்பது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. முதலில் பேசிய காவலரிடம் பாலியல் வன்முறையைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பதும் அப்படியே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவன் மிரட்டி அனுப்பியிருந்தான். மீறினால் குடும்பத்தை என்ன செய்வான் என்ற பயத்தில் இருந்தவர் அவர்.

ஏரனுக்கும் இதே கதிதான். அவர் காவல்துறையை அழைத்தது நடுப்பகலுக்கு மேல். காதலியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு இவ்வளவு நேரம் என்ன செய்தான் என்று கேட்பது எளிது. அவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், போலீஸுக்குப் போனால் அவள் செத்தாள் என்று கடத்தியவன் மிரட்டியிருந்தான். அதையும் மீறி அழைத்த மனிதரைக் காவல்துறையினர் உட்காரவைத்து, அவளை என்ன செய்தாய் என்று 18 மணி நேரத்துக்கு மேல் விசாரித்தார்கள். அந்த நேரத்தில் அவருடைய போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டார்கள், கடத்தியவனிடமிருந்து வந்த அழைப்புகள் தவறிப்போயின என்று பின்னால் டெனிஸும் ஏரனும் போட்ட வழக்கில் குற்றம்சாட்டப்பட்டது. டெனிஸ் உயிரோடு அவன் பிடியில் இருந்த நேரம் அது. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

2017 ஜூலையில் இத்தாலியின் மிலான் நகரில் பிரிட்டிஷ் மாடல் க்ளோயி ஐலிங் கடத்தப்பட்டபோதும் இதே பல்லவிதான். போட்டோ எடுக்க வேண்டும் என்று வரவழைத்து, ஊசி போட்டு மயக்கி, பெரிய பைக்குள் திணித்துக் காரில் கொண்டுபோனார்கள். ஆறு நாள் அடைத்துவைத்தார்கள். இடையில் கடத்தியவனோடு போய் அவர் ஷூ வாங்கியது தெரிந்ததும், கடத்தப்பட்டவள் கடைக்குப் போவாளா என்று உலகமே சிரித்தது. ஊர் திரும்பியதும் வீட்டு வாசலில் நின்று பத்திரிகையாளர்களிடம் பேசியபோது அவர் போட்டிருந்த உடையைக்கூட விட்டுவைக்கவில்லை. லூகாஸ் ஹெர்பா என்ற அந்த ஆளுக்கு 2018-இல் மிலான் நீதிமன்றம் 16 ஆண்டு 9 மாதத் தண்டனை கொடுத்தது. அதற்குப் பிறகும் அவரை நம்பாதவர்கள் இருந்தார்கள்.

சாகாமல் இருக்க வேண்டும் என்றால் பிடித்துவைத்திருப்பவனிடம் பணிந்துபோக வேண்டியிருக்கும், சிரிக்கக்கூட வேண்டியிருக்கும். அதிர்ச்சியில் ஒருவர் அழுவார், இன்னொருவர் மரத்துப்போவார், வேறொருவர் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசிக்கொண்டிருப்பார். சாவு வீட்டில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது தெரியாததல்ல. ஆனால் போன் திரையில் ஒரு முகத்தைப் பார்த்ததும் மறந்துவிடுகிறோம்.

‘சினிமா மாதிரி இருக்கு’

டெனிஸுக்கு எதிராகச் சொல்லப்பட்ட இன்னொரு வாதம், இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்பது. காணாமல் போன மனைவி எல்லாவற்றையும் தானே ஜோடித்திருக்கும் ‘கான் கேர்ள்’ படம் 2014 அக்டோபரில் வந்திருந்தது. ஐந்தே மாதத்தில் இந்தச் சம்பவம். ஊடகங்களுக்குத் தலைப்பு கையிலேயே கிடைத்துவிட்டது. அதோடு கதையும் முடிந்தது. நீச்சல் கண்ணாடி, பதிவுசெய்த குரல், லேசர் விளக்குக் கட்டிய பொம்மைத் துப்பாக்கி, இவ்வளவு பாடுபட்டு இவ்வளவு குறைந்த பணம் கேட்பது என்று ஒவ்வொன்றும் நம்ப முடியாததாகத் தெரிந்தது. ஆனால் விசித்திரமாக இருந்தது கடத்தியவனின் புத்தி. சட்டம் படித்து, வழக்கறிஞராக இருந்து, உரிமத்தை இழந்தவன் முல்லர். பெரிய கும்பல் ஒன்று வந்திருக்கிறது என்று நம்பவைக்கவே அத்தனை ஏற்பாடும் செய்திருந்தான். ஏமாற்றுவதற்கென்றே அவன் போட்ட வேடத்தைப் பார்த்துவிட்டு, ஏமாற்றியவர்கள் டெனிஸும் ஏரனும்தான் என்று முடிவு கட்டினார்கள்.

ஷெரி பாபினி சொன்னதும் சினிமா மாதிரிதான் இருந்தது. 2016 நவம்பர் 2-ஆம் தேதி, ரெடிங் அருகே ஓட்டப்பயிற்சிக்குப் போனவரைக் காணவில்லை. போனும் இயர்போனும் சாலையோரத்தில் கிடந்தன. 22 நாள் கழித்து, அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி தெரிவித்தல் நாளன்று அதிகாலையில், நெடுஞ்சாலை ஓரத்தில் சங்கிலியோடு, உடம்பெல்லாம் காயத்தோடு, தோளில் சூடு வைத்த தழும்போடு கிடைத்தார். துப்பாக்கி முனையில் இரண்டு ஹிஸ்பானியப் பெண்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள், தூக்கிப்போனதாகச் சொன்னார். இளம் தாய், அழகான குடும்பம், உடம்பில் காயம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் ‘பாதிக்கப்பட்டவர்’ படத்தோடு எல்லாம் பொருந்திப்போயிற்று. அதனால் பெரும்பாலோர் நம்பினார்கள். ஒருத்தியின் கதை பொருந்தவில்லை, அதனால் பொய். இன்னொருத்தியின் கதை பொருந்தியது, அதனால் உண்மை. இரண்டு தடவையும் ஆதாரத்தைக் கேட்டவர்கள் குறைவு.

பாலிகிராஃப், வக்கீல்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மை கண்டறியும் சோதனையில் தோற்றுவிட்டாய் என்று ஏரனிடம் சொன்னார்கள். அந்தக் கருவி அளப்பது மூச்சு, இரத்த அழுத்தம், வியர்வை போன்றவற்றை. விடிய விடிய தூங்காமல், மருந்து மயக்கத்தில், காதலியின் உயிரை நினைத்துப் பதறுபவனின் உடம்பு எப்படி இருக்கும்? ‘பாலிகிராஃபில் மாட்டினான்’ என்ற செய்தியைப் படித்ததும் குற்றம் உறுதியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அதே மாதிரி, வக்கீல் வைத்துவிட்டாள், அப்படியானால் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு. தன்னைக் குற்றவாளி மாதிரி நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் வக்கீலைத் தேடுவது புத்திசாலித்தனம், அவ்வளவுதான்.

நம்புவதிலும் தவறு உண்டு

‘பாதிக்கப்பட்டவரை நம்பு’ என்றால் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, புகாரை எடுத்து, முறையாக விசாரி என்று அர்த்தம். அவர் கைகாட்டும் ஆளை அடிக்கப் போ என்று அர்த்தமில்லை. பாபினி வழக்கில் இந்த வித்தியாசம் காணாமல் போனது. ‘இரண்டு ஹிஸ்பானியப் பெண்கள்’ என்ற அடையாளத்தோடு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. படம் வரைந்து 2017-இல் வெளியிட்டது. அந்த வட்டாரத்தில் வாழ்ந்த எத்தனையோ பெண்கள் ஒரு பாவமும் அறியாமல் சந்தேகப் பார்வைக்கு ஆளாக வேண்டியிருந்தது.

பொய்க் கடத்தல் கதைகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. 1994-இல் தென் கரோலினாவில் சூசன் ஸ்மித், தன் காரோடு இரண்டு குழந்தைகளையும் ஒரு கறுப்பின ஆண் கடத்திப்போனதாகத் தொலைக்காட்சியில் அழுதார். ஒன்பது நாள் கழித்து, காரை ஏரியில் விட்டுக் குழந்தைகளைக் கொன்றது தானே என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒன்பது நாளும் அந்தப் பகுதியில் கறுப்பின ஆண்கள் எப்படி நடமாடியிருப்பார்கள்? பொய் சொல்பவர் ஊர் ஏற்கெனவே யாரைப் பார்த்துப் பயப்படுகிறதோ அவரையே குற்றவாளியாக வரைவார். எனவே காணாமல் போனவரின் படத்தைப் பகிருங்கள். ‘இந்த இனத்துக்காரர், இந்த மதத்துக்காரர், வெளியூர்க்காரர்’ என்ற பொத்தாம்பொதுவான அடையாளத்தைப் பகிராதீர்கள். வண்டி எண் மாதிரி பயனுள்ள தகவலைக் காவல்துறையே வெளியிட்டிருந்தால் அது வேறு.

பணம் அனுப்புவதிலும் அவசரம் வேண்டாம். பாபினிக்காக இணையத்தில் திரட்டியது ஏறக்குறைய 49,000 டாலர். மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் நிதியிலிருந்து 30,000 டாலருக்கு மேல் போனது. உண்மையாகவே அடிபட்டவர்களுக்கான நிதி அது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

காவல்துறை சொல்வதை எப்படிக் கேட்பது

‘போலீஸே சொல்லிவிட்டதே’ என்பது வலேஹோவில் பலருக்குப் போதுமானதாக இருந்தது. அன்று இரவு அவர்கள் அறிவித்தது ஒரு கருத்தை. டெனிஸிடம் அவர்கள் முழுதாகப் பேசக்கூட இல்லை. இதற்கு நேர்மாறாக, 2023 ஜூலையில் அலபாமாவின் ஹூவர் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக ஒரு குழந்தை நடந்துபோகிறது என்று அவசர எண்ணுக்குச் சொன்ன கார்லி ரஸ்ஸல் என்ற பெண் காணாமல் போனார். 49 மணி நேரம் கழித்து வீடு திரும்பி, கடத்தப்பட்டதாகச் சொன்னார். சில நாளில் செய்தியாளர்களைச் சந்தித்த காவல்துறை, எதையெல்லாம் சரிபார்த்தோம், எதைச் சரிபார்க்க முடியவில்லை, அவருடைய போனில் என்னென்ன தேடல்கள் இருந்தன என்று வரிசையாகச் சொன்னது. பொய் என்று முத்திரை குத்தவில்லை. பிறகு அவருடைய வழக்கறிஞர் வழியாகவே, கடத்தல் நடக்கவில்லை என்ற ஒப்புதல் வந்தது. தேடல் விவரங்களை அப்படிப் பகிரங்கமாகச் சொன்னது சரிதானா என்று கேட்கலாம். ஆனாலும் சரிபார்த்த தகவலையும் அதிகாரியின் அபிப்பிராயத்தையும் பிரித்துக் கேட்க இந்த இரண்டு சந்திப்புகளும் நல்ல பாடம்.

பொய் என்று உறுதியான பிறகு

இங்கேயும் நாம் சும்மா இருப்பதில்லை. பொய் சொன்னவரின் பெற்றோர், குழந்தைகள், கணவர் எல்லோரையும் இழுத்துப் போடுகிறோம். பாபினியின் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். அம்மா காணாமல் போய்த் திரும்பியதையும் பார்த்தார்கள், அவர் கைதானதையும் பார்த்தார்கள். அவர்கள் முகம் இணையத்தில் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அதைவிட மோசம், அடுத்து வரும் புகாரை இதைக் காட்டித் தள்ளுவது. கார்லி ரஸ்ஸல் விவகாரத்தில் கறுப்பினப் பெண்கள் பலர் வருந்தியது இதற்காகத்தான். அவர்கள் காணாமல் போனால் ஊடகங்கள் எட்டிப் பார்ப்பதே குறைவு. இந்தத் தடவை நூற்றுக்கணக்கானோர் தேட வந்தார்கள். அடுத்த தடவை வருவார்களா என்பதே அவர்கள் கேள்வி. ஒரு பெண் சொன்ன பொய்க்கு அவளுக்குத் தண்டனை கிடைக்கட்டும். அந்தக் கணக்கை வேறு பெண்கள் ஏன் தீர்க்க வேண்டும்?

நம் கையில் இருக்கும் வேலை சின்னதுதான். காணாமல் போனவர் பற்றிய அறிவிப்பைக் காவல்துறையின் தொடர்பு எண்ணோடு பகிரலாம். ஆள் கிடைத்ததும் அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏதாவது தெரிந்தால் கமெண்டில் எழுதாமல் நேரே அவர்களிடம் சொல்ல வேண்டும். மனதில் சந்தேகம் இருந்தால் இருக்கட்டும். அதைத் தலைப்பாக்காமல் வைத்திருக்கலாம்.

இரண்டு வழக்கிலும் உண்மை வெளியே வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பாபினியின் உடையில் ஓர் ஆணின் டிஎன்ஏ இருந்தது. இரண்டு பெண்கள் கடத்தினார்கள் என்ற கதைக்கு அது ஒட்டவில்லை. அதைச் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் துரத்தினார்கள். 2020-இல் அது ஒரு குடும்பத்தின் மரபணுவோடு பொருந்தி, குப்பையில் கிடந்த ஒரு தேநீர் பாட்டில் வழியாக முன்னாள் காதலனிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த 22 நாளும் அவர் அவன் வீட்டில்தான் இருந்தார். 2022-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

வலேஹோ வழக்கில் உண்மை வேறோர் ஊரிலிருந்து வந்தது. 2015 ஜூனில் கலிஃபோர்னியாவிலேயே டப்ளின் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் முல்லர் புகுந்தபோது அந்தத் தம்பதியினர் எதிர்த்துப் போராடினார்கள். அவன் போனை விட்டுவிட்டு ஓடினான். அதை வைத்து லேக் டாஹோ பக்கம் இருந்த அவன் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சோதனையிட்டபோது, கண்ணாடிப் பரப்பில் டேப் ஒட்டிய நீச்சல் கண்ணாடி ஒன்று கிடைத்தது. அதில் நீளமான பொன்னிற முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டப்ளின் வீட்டில் யாருக்கும் பொன்னிற முடி கிடையாது. அப்படியானால் இது யாருடைய முடி என்று மிஸ்டி கராவ்சு என்ற துப்பறியும் அதிகாரி தேட ஆரம்பித்தார். டெனிஸ் ஹஸ்கின்ஸ் சொன்னது உண்மை என்று அதுவரை வலேஹோ காவல்துறை ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.