குனிந்து பார்த்து வாங்க வேண்டிய கட்டில்: சின்ன அறைக்காரர்கள் செய்யும் தவறுகள்

கட்டில் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடியேதான் பார்க்கிறார்கள். தலைமாட்டில் மயில் செதுக்கியிருக்கிறதா, பாலிஷ் மின்னுகிறதா, கையால் ஒரு தட்டு, பிறகு விலை. குனிந்து அடிப்பக்கம் பார்ப்பவர் அபூர்வம். ஈரம் வேலை செய்வது அங்கேதான். பூசணம் பிடிப்பதும், பலகை உப்புவதும், துரு ஏறுவதும் மெத்தைக்குக் கீழேதான் தொடங்கும்.

நெல்லைச் சீமையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே வருடம் முழுக்க ஒரே மாதிரி ஈரம் இருப்பதில்லை. ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கம் சாரல் அடிக்கும்போது, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காய்ந்த மேல்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஊரிலும் ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டு அடைமழைக்குள் இருக்க வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களுக்கு உப்புக் காற்று வேறு. மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது, மாற்றமெல்லாம் அகலவாக்கில்தான். ஆறு அங்குல அகலமுள்ள தேக்குப் பலகைகூட கோடைக்கும் அடைமழைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆடும். வாங்கி ஒரே வருடத்தில் கட்டில் ‘கிரீச்’ என்று சத்தம் போடுவதற்கு இந்த ஆட்டம்தான் காரணம். மூட்டு தளர்ந்துவிடுகிறது.

மெத்தை அளவை வைத்து அறையைக் கணக்குப் போடுவது

கடையில் ‘ஆறேகாலுக்கு அஞ்சு’ என்று சொன்னால் அது மெத்தை அளவு. கட்டிலின் வெளி அளவு அதைவிடக் கூடும். பக்கச் சட்டங்களால் அகலத்தில் 3 முதல் 4 அங்குலம், தலைமாடு கால்மாடு சேர்ந்து நீளத்தில் 4 முதல் 8 அங்குலம். தலைமாடு சாய்வாக இருந்தால் இன்னும் போகும். 10 அடிக்கு 10 அடி என்று சொல்லப்படும் அறையும், பூச்சும் தரையோர டைல்ஸும் போக உள்ளே 9 அடி 9 அங்குலம்தான் இருக்கலாம். டேப்பைத் தரையில் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். சுவரின் நடு உயரத்தில் அளந்தால் கணக்கு தப்பும்.

கல்யாணச் சீரில் வரும் கட்டிலுக்கு இது அதிகம் பொருந்தும். பெண் வீட்டார் கௌரவத்துக்காக ஆறேகாலுக்கு ஆறு வாங்கிவிடுவார்கள். பட்டாசல், தார்சா என்று விசாலமாகக் கட்டிய பழைய வீட்டில் அது பாந்தமாக இருக்கும். அதே கட்டில் பாளையங்கோட்டையில் வாடகை மாடி வீட்டின் 8க்கு 10 அறைக்கு வந்தால் பீரோ திறக்காது. பீரோ கதவுக்கு ஒன்றரை அடி வேண்டும், அதைத் திறந்து நிற்கும் ஆளுக்கு இன்னொரு ஒன்றரை அடி. ஆக, பீரோவுக்கு முன்னால் 3 அடி காலியாக இருக்க வேண்டும். அறைக்கதவு உள்பக்கமாகத் திறந்தால் அது இரண்டரை அடி இடத்தை விழுங்கும். கட்டிலின் ஒரு பக்கமாவது 2 அடி நடைபாதை வேண்டும். இதையெல்லாம் கழித்தால் 8க்கு 10 அறைக்கு ஆறேகாலுக்கு நாலுதான் சரி. அஞ்சடிக் கட்டில் நுழையும். நுழைந்தபின் பெருக்க முடியாது.

வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்பதால் நமக்கு நான்கு சுவரும் கிடைப்பதில்லை. மிச்சமுள்ள மூன்றில் ஒன்றில் கதவு, ஒன்றில் ஜன்னல். தலை எந்தச் சுவருக்கு வரும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அளவுக்குப் போங்கள். முடிவு செய்ததும் தரையில் சாக்பீஸால் கட்டிலின் வெளி அளவை வரைந்து இரண்டு நாள் அந்தக் கோட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வேறெந்த யோசனையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு உண்மையைச் சொல்லாது.

மாடி வீடாக இருந்தால் படிக்கட்டின் திருப்பத்தையும் அளக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி நான்கைந்து துண்டாக ஏற்றக்கூடிய கட்டிலே உத்தமம். ஆணி அறைந்து ஒட்டிய கட்டிலை மொட்டைமாடி வழியாகக் கயிறு கட்டி இறக்குவதை எல்லாத் தெருவிலும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள்.

மெத்தைக்கு அடியில் முழுப் பலகை

உள்ளதிலேயே பெரிய தவறு இதுதான். ராத்திரி முழுக்க உடம்புச் சூடும் வேர்வையும் மெத்தை வழியாகக் கீழே இறங்குகின்றன. கீழே ஒட்டிய பிளைவுட் ஷீட் இருந்தால் அந்த ஈரம் போக வழியில்லாமல் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் தங்கிவிடும். கோடையில் பகல் வெக்கையே அதைக் காயவைத்துவிடும். கார்த்திகையில் காயாது. அறையிலேயே ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூசணத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. மெத்தையின் அடித்துணியில் கரும்புள்ளி, அறைக்குள் நுழைந்ததும் ஒரு முக்கல் வாடை. மெத்தைக்காரரைத் திட்டுவோம், குற்றம் கட்டிலில்.

முழுப் பலகைக்குப் பதில் ரீப்பர், அதாவது இடைவெளி விட்டுப் பதிக்கும் குறுகலான மரச்சட்டம், போட்ட கட்டில் கேளுங்கள். 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், ஒன்றுக்கொன்று 2 அங்குல இடைவெளி. ஆறேகால் அடி நீளத்துக்கு 15 ரீப்பர் வரும். இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டினால் ஃபோம் மெத்தை பள்ளத்தில் இறங்கும். அகலம் 4 அடியானாலே நடுவில் நீளவாக்கில் ஒரு தாங்கு சட்டம் வேண்டும். 5 அடி என்றால் அந்தச் சட்டத்துக்குத் தரையைத் தொடும் நடுக்கால் ஒன்றாவது வேண்டும். கடையில் குனிந்து பார்க்கச் சொன்னது இதற்கும்தான். நடுக்கால் இல்லாத அஞ்சடிக் கட்டில்கள் ஏராளம்.

ஏற்கெனவே முழுப் பலகைக் கட்டில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பலகையில் 6 அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரு அங்குலத் துளை போடச் சொல்லுங்கள். நாலடிக் கட்டிலுக்கு நூறு துளை வரை வரும், தச்சர் முகம் சுளிப்பார். தாங்கு சட்டங்களின் மேல் துளை விழக்கூடாது. துளையின் உள்விளிம்புக்கும் வார்னிஷ் தொட வேண்டும், இல்லையென்றால் பிளைவுட் அங்கிருந்தே ஈரம் குடிக்கும். இது எதுவும் முடியாதென்றால் மழை மாதங்களில் வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து, ஃபேனை இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போடலாம். ஃபோமை அடிக்கடி உச்சிவெயிலில் போட்டால் நாளடைவில் நொறுங்கிப் போகும்.

மெத்தை அழுக்காகும் என்று கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறையை வருடக்கணக்கில் கழற்றாமல் படுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல! அது ஈரத்தை உள்ளேயே கட்டி வைக்கும் பை. நாடாக் கட்டிலிலும் கயிற்றுக் கட்டிலிலும் இந்தத் தொல்லை எதுவும் வராது. முதுகுக்கு ஒத்துக்கொண்டால் சின்ன அறைக்கு அதைவிடக் காற்றோட்டமான படுக்கை இல்லை, பகலில் நிமிர்த்தியும் வைத்துவிடலாம்.

பெட்டிக் கட்டில் ஆசை

சின்ன அறை என்றதும் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில்தான் எல்லாருக்கும் தோன்றும். தப்பில்லை. ஆனால் இழுப்பறை வைத்ததென்றால் அதை இழுக்க ஒன்றரை முதல் 2 அடி, அதற்கு முன்னால் குந்தி உட்கார இன்னொரு ஒன்றரை அடி. இடத்தை மிச்சம் பிடிக்க வாங்கிய கட்டில் இடத்தைக் கேட்கும். மேல்பலகையைத் தூக்கும் ஹைட்ராலிக் வகைக்குப் பக்கவாட்டில் இடம் வேண்டாம். ஆனால் அதில் மெத்தைக்கு அடியில் முழுப் பலகைதான் வரும், மேலே சொன்ன துளைகள் அதற்கும் வேண்டும்.

பெட்டியின் அடி தரையில் உட்காரவே கூடாது. வீடு துடைக்கும் தண்ணீரும், வெள்ளிக்கிழமை கழுவிவிடும் தண்ணீரும் முதலில் போவது அந்த விளிம்புக்குள்தான். குறைந்தது 3 அங்குலக் கால் கேளுங்கள், 6 என்றால் துடைப்பமும் போகும். பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் காற்று ஓடாது. உள்ளே எவர்சில்வர் பாத்திரம், பித்தளை, பிளாஸ்டிக் சாமான் வைக்கலாம். பட்டுச்சேலையும் பத்திரக் காகிதங்களும் வேண்டாம்.

‘மரம்தான்’ என்ற பேச்சை நம்புவது

மரத்தூளை அமுக்கி ஒட்டிய பலகையின் மேல் மரக்கோடு போட்ட தாளை ஒட்டினால் பார்வைக்கு மரம்தான். தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஸ்க்ரூ பிடிக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு ராத்திரி முழங்கால் தண்ணீரில் நின்றால் வைரம் பாய்ந்த மரக்கட்டிலைக் கழுவி நிழலில் காயவைத்துத் திரும்பப் பூட்டலாம். தூள் பலகைக் கட்டிலை அள்ளித்தான் போட வேண்டும். கண்டுபிடிக்க ஸ்க்ரூ போட்ட துளையையோ அடி விளிம்பையோ பாருங்கள். ரவை ரவையாகத் தெரிந்தால் தூள் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

பிளைவுட்டிலும் ‘எம்.ஆர்.’ என்று எழுதியிருந்தால் தண்ணீர் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது காற்று ஈரத்துக்கு மட்டும். கழுவுகிற தரைக்கும் சாரல் ஊருக்கும் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அதற்கு அத்தாட்சியாக, ஒட்டுக்கோடு கருஞ்சிவப்பாக இருக்கிறது என்று காட்டுவார்கள். சாயம் கலந்தாலும் அந்த நிறம் வரும். ஷீட்டில் அச்சிட்ட உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்ப்பதே நிச்சயம்.

முழு மரத்திலும் ஏமாற்று உண்டு. தேக்கு என்று சொன்னால் போதாது, தேக்கின் எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும். நடுவில் இருக்கும் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. ஓரத்து வெள்ளையை ஆசையாகத் தின்னும், அது எந்த மரமானாலும். பாலிஷில் சாயம் கலந்தால் வெள்ளை மறைந்துவிடும். அடிப்பக்கம் பாலிஷ் போடாமல் விட்டிருந்தால் அங்கே வெளிறிய பட்டை தெரியும். ஊசி நுழையும் அளவில் துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளுக்க ஆரம்பித்துவிட்டது, பேரமே பேச வேண்டாம். சரியாகக் காயாத தேக்கைவிட நன்றாகக் காய்ந்த வேம்போ பூவரசோ ஒழுங்காக நிற்கும். ஈரமானி வைத்திருக்கும் பட்டறையில் 10 முதல் 14 சதவீதத்துக்குள் காட்டினால் வாங்கலாம்.

மேலே மட்டும் பாலிஷ் போட்டு அடியைச் சும்மா விடுவதும் தவறு. ஒரு முகம் ஈரம் குடிக்க, மறுமுகம் குடிக்காமலிருக்க, பலகை வளையும். காலின் அடிமுனை இன்னும் மோசம், மரத்தின் நரம்புகள் திறந்திருக்கும் இடம் அது. உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரை இழுக்கும். அங்கே பெயின்ட் இரண்டு கோட் அடித்து ரப்பர் புஷ் மாட்டச் சொல்லுங்கள். எறும்புக்கும் கறையானுக்கும் பயந்து கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். டெங்குக் கொசு முட்டையிட அந்தக் கிண்ணமே போதும்.

இரும்புக் கட்டில்

கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு. 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. ‘இருபது கேஜ், உறுதி’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அஞ்சடிக் கட்டிலுக்கு 16, குறைந்தபட்சம் 18. துரு முதலில் வருவது வெல்டிங் வைத்த இடத்தில். பிசிறைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதற்குமேல் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். குழாயின் வாய்களில் மூடி இல்லையென்றால் துடைக்கிற தண்ணீர் உள்ளே போய், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும். கடலோர ஊர்களுக்கு இரும்பை விட்டுவிட்டு மரத்துக்குப் போவதே நல்லது. துருப்பிடிக்காத ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 304 தரம் கேளுங்கள். அதைவிட மலிவான 202 தரமும் காந்தத்தில் அநேகமாக ஒட்டாது என்பதால் காந்தம் வைத்துப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. மரக்கட்டிலானாலும் அங்கே போல்ட்டுகள் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும்.

கொஞ்சம் மிச்சம்

ரெக்ஸின் தைத்த தலைமாடு புழுக்கத்தில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும், அதன் மடிப்புகள் மூட்டைப்பூச்சிக்கு வீடு. ஓதம் ஏறிய சுவரிலிருந்தும், மழை அறையும் வெளிச்சுவரிலிருந்தும் கட்டிலை 3, 4 அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை போல்ட்டுகளை முடுக்கினால் அந்தக் ‘கிரீச்’ வராது.

பட்டறையில் செய்யக் கொடுப்பவர்கள் அட்வான்ஸ் சீட்டில் மெத்தை அளவையும் வெளி அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரீப்பர் எண்ணிக்கை, நடுக்கால், அடிப்பக்கப் பாலிஷ் மூன்றும் அதில் இருக்கட்டும். பாலிஷ் போடுவதற்கு முந்தின நாள் கூப்பிடச் சொல்லுங்கள். கட்டில் பாலிஷ் இல்லாத வெறும் மரமாக நிற்கும்போது போய்க் குனிந்து பார்த்தால் வெள்ளை எங்கே, ஒட்டு எங்கே, வெடிப்பை எங்கே மாவு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். மறுநாள் போனால் மயில்தான் தெரியும்.