வெங்காயச் செல்லையும் கன்னத்துச் செல்லையும் மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

தாவர செல் நீள்சதுரம், விலங்கு செல் வட்டம் என்று படம் வரைந்தே பழகிவிட்டதால், வித்தியாசமே வடிவத்தில்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெரியவர்களும் அப்படித்தான். ஆனால் அந்த நீள்சதுர வடிவம் தாவர செல்லைச் சுற்றியிருக்கும் செல்சுவரால் வருவது. சுவர் ஒன்று தனியாக இருக்கிறது, அதற்குள் செல் தனியாக இருக்கிறது என்பதை ஒரு வெங்காயமும் கொஞ்சம் உப்பும் இருந்தால் வீட்டிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். அதைச் செய்து காட்டத்தான் இந்தப் பதிவு.

என்னென்ன வேண்டும்?

10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்கள் உள்ள சாதாரண பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் போதும். இரண்டையும் பெருக்கினால் 100, 400 மடங்கு கிடைக்கும். கூடவே ஸ்லைடு, கவர் ஸ்லிப், புது பிளேடு, சிறு இடுக்கி, ஊசி, சொட்டு மருந்து விடும் டிராப்பர், டிஷ்யூ பேப்பர். சாயத்துக்கு மருந்துக்கடையில் விற்கும் அயோடின் கரைசலை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெத்திலீன் நீலம் வேண்டுமென்றால் வண்ண மீன் விற்கும் கடையில் கேளுங்கள், மீனுக்கு வரும் பூஞ்சை நோய்க்கு மருந்தாக அங்கே வைத்திருப்பார்கள். அதையும் வெளிர்நீலம் ஆகும்வரை நீர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தண்ணீர். இது சின்ன விஷயமாகத் தெரியும், நம் பக்கத்துக்கு அப்படி இல்லை. திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கமெல்லாம் பல வீட்டு போர் தண்ணீர் உப்புத்தண்ணிதான். அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டால், ஓரம் காயக் காய உப்புப் படிகங்கள் பளபளவென்று நிற்கும், புதிதாகப் பார்க்கிறவர் அதையும் செல்லின் உறுப்பு என்று வரைந்துவிடுவார். அதனால் சிறுவாணி அணையிலிருந்து வரும் குடிநீரோ, வேறு நல்ல தண்ணியோ, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெங்காயம்

சின்ன வெங்காயத்திலும் செய்யலாம், ஆனால் தோல் துண்டு சிறிதாகவும் வளைவாகவும் வந்து மடிந்துகொண்டே இருக்கும். பழகும்வரை பல்லாரியே நல்லது. நன்றாகச் சிவந்த பல்லாரியாகப் பார்த்து எடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

வெங்காயத்தை நான்காக வெட்டி, சதைப்பற்றான ஒரு அடுக்கைத் தனியே எடுத்து, அதை வெளிப்பக்கமாக மடக்கி உடையுங்கள். உள்குழிவான பக்கத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை இடுக்கியால் மெதுவாக உரித்து உடனே தண்ணீரில் போடுங்கள், காற்றில் விட்டால் சுருண்டுவிடும். அரை சென்டிமீட்டர் சதுரம் அளவுக்கு வெட்டி, ஸ்லைடில் விட்ட ஒரு சொட்டு நீரில் மடிப்பில்லாமல் விரித்து, மேலே ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு ஓரம் முதலில் ஸ்லைடில் படும்படி சாய்த்து வைத்து, மறு ஓரத்தை ஊசியால் தாங்கிக்கொண்டே இறக்க வேண்டும். தட்டென்று போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். தடித்த கறுப்பு விளிம்போடு உருண்டையாக ஏதாவது தெரிந்தால் அது குமிழ், செல் இல்லை.

ஃபோகஸ் செய்வதில் ஒரு ஒழுங்கு உண்டு. எப்போதும் 10 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே லென்ஸை ஸ்லைடுக்கு மிக அருகே கொண்டுபோய், அதன் பிறகு கண்ணை வைத்து, லென்ஸும் ஸ்லைடும் விலகும் திசையில் மட்டும் திருகுங்கள். 40 மடங்குக்கு மாறிய பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னத் திருகு மட்டும்தான்.

இப்போது நீளநீளமான செல்கள் வரிசையாக, இடைவெளி இல்லாமல் அடுக்கி நிற்பது தெரியும். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறப் பொட்டாகத் தெரிவதுதான் உட்கரு. பல செல்களில் அது நடுவில் இல்லாமல் சுவரை ஒட்டி ஒதுங்கியிருக்கும், ஏனென்றால் நடு இடம் முழுவதையும் பெரிய நுண்குமிழ் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையாக எதுவும் தெரியவில்லையே என்று தேட வேண்டாம். வெங்காயம் உணவைச் சேமித்து வைக்கும் பாகம், அதன் சதையில் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் கிடையாது.

அடுத்து கன்னத்துச் செல்

வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, காது குடையும் பட்ஸால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தேயுங்கள், சுரண்ட வேண்டியதில்லை. அதைச் சுத்தமான ஸ்லைடில் தடவி, காயவிட்டு, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு ஒரு நிமிடம் கழித்து கவர் ஸ்லிப் போடுங்கள். ஒருவர் பட்ஸை இன்னொருவர் தொட வேண்டாம்.

100 மடங்கில் வெளிர்நீலத் திட்டுகளாகத் தெரியும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு 400 மடங்குக்குப் போங்கள். ஓரம் ஒழுங்கில்லாமல், சில இடங்களில் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் மெல்லிய செல்கள், நடுவில் கருநீல உட்கரு. மேலே பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் வாயில் வாழும் பாக்டீரியா.

அளவையும் பாருங்கள். பள்ளி மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 0.45 மில்லிமீட்டர். கன்னத்துச் செல் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான், வெங்காயச் செல்லோ பல சமயம் ஒன்றே அந்த வட்டத்தில் பாதிக்கு மேல் நீண்டு கிடக்கும்.

உப்புச் சோதனை

சிவந்த பல்லாரி எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்தமுறை அடுக்கின் வெளிப்பக்கம், அதாவது ஊதா நிறமாக இருக்கும் பக்கத்துத் தோலை உரியுங்கள். சாயமே வேண்டாம், செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழே ஊதா நிறம். நல்ல தண்ணியில் வைத்து, செல் முழுக்க நிறம் நிறைந்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் அதை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்தால், அடியிலிருக்கும் நீரை அது இழுக்க, உப்புநீர் உள்ளே போகும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் மூலைகளை விட்டு விலகத் தொடங்கி, சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு உருண்டையாக நிற்கும். சுவர் மட்டும் அதே நீள்சதுரமாக அசையாமல் இருக்கும்! வெளியே உப்பு அதிகம் என்பதால் சவ்வூடு பரவல் மூலம் செல்லிலிருந்து நீர் வெளியேறிவிட்டது, சுவருக்குள் செல்லைப் போர்த்தியிருக்கும் செல்சவ்வு உள்வாங்கிவிட்டது, செல்லுலோஸால் ஆன சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புத்தண்ணி பாயும் காட்டில் மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடுகிறதே, அங்கேயும் வேர் நீரை இழுக்க முடியாமல் திணறுவதற்கு இதே சவ்வூடு பரவல்தான் காரணம்.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்து செல் என்று பெயர் வைத்ததும் இந்தச் சுவர்களைத்தான், உள்ளே இருந்த உயிர்ப்பகுதி எப்போதோ போய்விட்டிருந்தது.

உப்பை உடனே விலக்கி, அதே முறையில் நல்ல தண்ணியை உள்ளே இழுத்தால் பல செல்களில் ஊதா நிறம் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். கன்னத்துச் செல்லில் இப்படி விலகிப் பார்க்க ஒரு சுவரே இல்லை. நம் ரத்தச் சிவப்பணு உப்பு மிகுந்த நீரில் முழுசாகச் சுருங்கும், வெறும் தண்ணீரில் ஊதி வெடித்தே விடும், தாங்கிப் பிடிக்க வெளியே எதுவும் கிடையாது.

பசுங்கணிகத்தைப் பார்க்க ஆசையென்றால் அதே மீன் கடையில் ஹைட்ரில்லா ஒரு கொத்து வாங்குங்கள். இலை பெரும்பாலும் இரண்டே செல் தடிமன், வெட்டாமல் அப்படியே வைக்கலாம். விளக்கின் சூட்டில் கொஞ்சநேரம் விட்டால் பச்சை உருண்டைகள் சுவரோரமாகவே நகர்ந்து வலம் வருவதைப் பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் கன்னத்துச் செல் ஸ்லைடை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்புநீர் லென்ஸில் பட்டிருந்தால் நல்ல தண்ணியில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.