பால் பல்லைப் பிடுங்க வேண்டியது எப்போது?

எப்படியும் விழப்போகிற பல்தானே என்று எல்லாப் பால் பல்லையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. கீழ் முன்பல் 6, 7 வயதில் விழுந்துவிடும். இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லோ 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியது. அதை 5 வயதிலேயே எடுத்துவிட்டால், அதற்குப் பின்னால் 6 வயதில் முளைக்கும் நிலைப்பல் முன்பக்கமாக நகர்ந்து, அடியில் வளரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: இது எந்தப் பல், இதன் இடத்துக்கு வரும் பல் எப்போது முளைக்கும்?

பிடுங்குவதற்குப் பெரும்பாலும் சொத்தைதான் காரணம். சொத்தை நரம்பை எட்டாதவரை அடைத்தால் போதும். எட்டியிருந்தாலும் நரம்புச் சிகிச்சை செய்து உறை போட்டுப் பல்லைக் காப்பாற்ற முடிவதுண்டு. உறை பிடித்து நிற்கப் பல் மிச்சமில்லை, எக்ஸ்ரேயில் வேர்களுக்கு நடுவே எலும்பு கரைந்திருக்கிறது, சிகிச்சைக்குப் பிறகும் சீழ் வைக்கிறது என்றால் எடுப்பதே நல்லது. ஈறில் சிறு கொப்புளம் வந்ததும் வலி நின்றுவிட்டால் பலர் குணமாகிவிட்டதாக நினைக்கிறார்கள். சீழ் வெளியேற வழி கிடைத்ததால் அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தாலும் வீக்கம் வடியும், பிறகு திரும்பும்.

கீழ் முன்பல் விழாமல் பின்னால் இன்னொரு வரிசை முளைத்தால் பதற வேண்டாம். பால் பல் ஆடினால் குழந்தையே நாக்கால் தள்ளட்டும். அது விழுந்ததும் புதுப் பல்லை நாக்கே பெரும்பாலும் முன்னால் தள்ளிவிடும். ஆட்டமே இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். நூல் கட்டி இழுக்காதீர்கள்.

அடிபட்டு முழுதாக வெளியே வந்துவிட்ட பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியிலுள்ள நிலைப்பல்லின் மொட்டு கெடலாம். குழந்தை விழுங்கிவிடும் அல்லது மூச்சுக்குழாயில் போய்விடும் என்ற அளவுக்குத் தொங்கும் பல்லை எடுத்துவிடுவார்கள். மேல் கோரைப்பல் தடம் மாறி வளர்வது 10 வயதுக்குமேல் எக்ஸ்ரேயில் தெரிந்தால், அது நேராக இறங்கட்டும் என்று அங்குள்ள பால் பல்லை எடுப்பதும் உண்டு.

பிடுங்குமுன், ரத்தம் எளிதில் உறையாத கோளாறு, இதய நோய், மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். கடைவாய்ப்பல் என்றால் இடம் காக்கும் கம்பி தேவையா என்று அப்போதே கேளுங்கள். முன்பல்லுக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

பிடுங்கியபின் பஞ்சுத்துணியை 20 முதல் 30 நிமிடம் கடித்திருக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு ரத்தம் நிற்பதில்லை. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். குழந்தை அதைக் கடித்துப் புண்ணாக்கிவிடும், மரப்பு போகும்வரை கண் வையுங்கள், மென்று தின்ன எதுவும் தராதீர்கள். 24 மணி நேரத்துக்குக் கொப்பளிப்பதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் கூடாது. வலிக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, கண்ணைச் சுற்றி வீக்கம் பரவினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ காலைவரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.