வியர்க்கும் சவர்க்காரமும் எண்ணெய் குடிக்கும் அகலும்: வீட்டில் அன்பளிப்பு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். மகனின் ஐந்தாம் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக, அவளும் அவளுடைய நாத்தனாரும் சேர்ந்து டைனோசர் வடிவத்தில் சவர்க்காரம் வார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, வார்த்தெடுத்த நாற்பது டைனோசர்களையும் மின்விசிறிக்கு நேராக வரிசை பிடித்து நிறுத்தியிருந்தார்கள். "நல்லா காயட்டும்னு வச்சிருக்கோம் சின்னம்மா. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் சுத்தணும்" என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை.

நான் பதில் சொல்லாமல் ஒரு டைனோசரை எடுத்து அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன். விரல் பிசுபிசுத்தது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மேசையில் நடந்த அதே கூத்து, அதே செய்தித்தாள், அதே மின்விசிறி. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கத்தரிக்கோல் கோணலாகப் போவது, ரிப்பன் முடிச்சு அவிழ்வது, மினுமினுப்புத் தூள் வீடெல்லாம் பரவுவது ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவற்றை இரண்டாம் முறை செய்யும்போது கை தானாகவே திருத்திக்கொள்கிறது. கையால் திருத்திக்கொள்ள முடியாத தவறுகள் சில இருக்கின்றன.

வார்த்த சவர்க்காரத்தைக் "காய" வைப்பது

என் அண்ணன் மகளின் பூப்புனித நீராட்டு விழா புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எண்பது குடும்பங்களுக்கு அழைப்பு. வாசலில் கொடுத்தனுப்பும் அன்பளிப்பை நானே செய்து தருகிறேன் என்று அண்ணியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐம்பது கிராம் எடையில் தாமரை வடிவச் சவர்க்காரம், மல்லிகை வாசனை, பழுப்புத் தாளில் சுற்றி மேலே சிவப்பு மையில் கோல முத்திரை என்று திட்டம் போட்டேன். உருக்கி வார்க்கும் சவர்க்காரக் கட்டி நான்கு கிலோ 80 ரிங்கிட், வாசனை எண்ணெய் 30, சிலிக்கோன் அச்சு இரண்டு 30, தாள், முத்திரை, கயிறு எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 190 ரிங்கிட். ஒன்றுக்கு இரண்டரை ரிங்கிட்கூட ஆகவில்லை என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

விழாவுக்கு ஐந்து நாள் முன்னதாகவே எண்பதையும் வார்த்து முடித்தேன். தட்டில் பரப்பி ஓர் இரவு மின்விசிறியின் கீழ் வைத்தேன். காலையில் ஒவ்வொரு இதழின் மேலும் குண்டூசித் தலையளவு நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன. வாசனை எண்ணெய் பிரிந்து வெளியே வந்துவிட்டது என்று எண்ணி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தேன். மாலைக்குள் மறுபடியும் துளிகள். இன்னும் இறுகவில்லை போலும் என்று எண்ணி ஐஸ் பெட்டியில் வைத்தேன். அதைவிட மோசமான யோசனை வேறு இருக்க முடியாது. குளிர்ந்த கட்டியை வெளியே எடுத்ததும், குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் நனைவதைப்போல, அறையின் ஈரமெல்லாம் அதன்மீது வந்து படிந்தது. அதையும் துடைத்து, நேரமாகிவிட்டதே என்று பழுப்புத் தாளில் சுற்றி, முத்திரை குத்தி, பெட்டியில் அடுக்கி வைத்தேன்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது பழுப்புத் தாள், வடை சுற்றிய தாளைப்போல ஆங்காங்கே கறுத்திருந்தது. சிவப்பு மை கசிந்து, வெள்ளைத் தாமரையின் இதழிடுக்குகளில் இறங்கியிருந்தது. மங்கல நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் பொருளில் செங்கறை. அண்ணி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணன் அன்றிரவே போய், ஒன்று மூன்று ரிங்கிட் வீதம் எண்பது சிறிய பலகாரப் பெட்டிகள் வாங்கி வந்தார். 240 ரிங்கிட். என்னுடைய 190ஐயும் சேர்த்தால் 430. மலிவாக முடிக்கிறேன் என்று புறப்பட்ட அன்பளிப்பு, ஒன்றுக்கு ஐந்து ரிங்கிட்டைத் தாண்டியது.

காரணத்தை லெபோ கேம்பல் பக்கம் ஒரு கைவினைக் கடையை நடத்திய சீன மூதாட்டி சொன்னார். கறைபட்ட தாமரை ஒன்றைக் காட்டியதும், "சபூன் இனி பெர்பெலு" என்று சிரித்தார். சவர்க்காரம் வியர்த்திருக்கிறது என்று பொருள். உருக்கி வார்க்கும் கட்டியில் கிளிசரின் நிறைய இருக்கும். கிளிசரினுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்பு உண்டு. பினாங்குக் காற்றின் ஈரப்பதமோ சாதாரண நாளிலேயே 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். செப்டம்பர், அக்டோபர் மழையில் கேட்கவே வேண்டாம். எனவே சவர்க்காரத்தின் உள்ளிருந்து எதுவும் வெளியே கசியவில்லை. வெளியிலிருக்கும் ஈரம்தான் அதன்மேல் வந்து நிற்கிறது. மின்விசிறி செய்யும் வேலையெல்லாம் புதுப்புது ஈரக்காற்றை அதன்மீது கொண்டுவந்து கொட்டுவதுதான். துணி காய்வதுபோல இது காயாது. எத்தனை நாள் வைக்கிறோமோ அத்தனை நாளும் குடித்துக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். சிறிய கட்டிகள் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அறையின் சூட்டிலேயே இறுகிவிடும். அச்சிலிருந்து எடுத்த கையோடு, ஒவ்வொன்றையும் உணவு மூடும் ஒட்டுத்தாளில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை கிடைத்தால், தலைமுடி உலர்த்தியைக் காட்டி ஒட்டவைத்துக்கொள்ளலாம். இன்னும் அழகாக நிற்கும். தாள், முத்திரை, கயிறு ஆகிய அலங்காரமெல்லாம் அந்த உறைக்கு மேல்தான். ஏற்கெனவே வியர்த்துவிட்டதென்றால், குளிர்சாதன அறையில் வைத்துத் துடைத்து, ஈரம் அடங்கியவுடன் அந்த அறையிலேயே சுற்றிவிட வேண்டும். வியர்த்த சவர்க்காரம் கெட்டுப்போனதன்று, தாராளமாகக் குளிக்கலாம். (கறைபட்ட எண்பதையும் நாங்கள் ஓராண்டுக்கு மேல் வைத்துத் தேய்த்தோம். மல்லிகை வாசனையைக் கண்டாலே என் கணவர் முகம் சுளிக்கும் அளவுக்கு.)

வேறு பொருள் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். எதைச் செய்தாலும், ஒன்றை மட்டும் முதலில் செய்து, கொடுக்கப்போகும் உறையிலேயே போட்டு, குளிர்சாதனம் இல்லாத அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். நான் அதைச் செய்திருந்தால் இழப்பு இரண்டரை ரிங்கிட்டோடு நின்றிருக்கும்.

சவர்க்காரத்தில் பூவிதழ் போடுவது

பழுப்பாகும். பன்னீர் ரோஜாவும் அப்படித்தான்.

முறுக்கைச் சூட்டோடு கட்டுவது

ஆறியதுபோல் வெளியே தோன்றும். உள்ளே சூடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஆவி உள்ளேயே நீராகி, மறுநாள் முறுக்கு நமுத்துவிடும். குறைந்தது இரண்டு மணி நேரம் விரித்து ஆறவிட்டு உடனே காற்றுப் புகாமல் கட்டுங்கள். அதற்கு மேல் திறந்து வைத்தால், சவர்க்காரத்தைத் தொல்லைப்படுத்திய அதே ஈரம் முறுக்குக்கும் வந்துவிடும்.

யார் சாப்பிடுவார்கள் என்று எண்ணாமல் தின்பண்டம் வைப்பது

நம் ஊரில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நம்மவர்கள் மட்டுமா வருகிறார்கள்? பாலர் பள்ளித் தோழர்களில் மலாய்ப் பிள்ளைகள் உண்டு, சீனப் பிள்ளைகள் உண்டு, சைவ வீட்டுப் பிள்ளைகள் உண்டு. மார்ஷ்மெல்லோவிலும் கம்மி மிட்டாயிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஒரு வீட்டுக்கு ஒரு விலங்கு ஆகாது, இன்னொரு வீட்டுக்கு மற்றொன்று ஆகாது, மூன்றாவது வீட்டுக்கு எதுவுமே ஆகாது. வீட்டில் மிட்டாய் செய்வதென்றால் கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகரைப் பயன்படுத்துங்கள். கடையில் வாங்கிப் பைக்குள் போடுவதென்றால் ஹலால் முத்திரையோடு சேர்க்கைப் பட்டியலையும் படியுங்கள், ஏனெனில் ஹலால் ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரலாம். கச்சான் (நிலக்கடலை) சேர்த்த எதன்மீதும் "கச்சான் கலந்தது" என்று எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் காப்பு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுத்தனுப்பாதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பை

அண்ணனுக்கு அழைப்பு வந்தால் இரண்டு வயதுத் தம்பியும் கூட வருவான். மணி கோத்த வளையல், பொத்தான் கண் வைத்த துணிப் பொம்மை, சிறிய பந்து எல்லாம் பெரிய பிள்ளைக்கு விளையாட்டு, சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. கழிப்பறைத் தாள் சுருளின் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைந்து விழும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பையில் இருக்கக் கூடாது. நான் குட்டிப் பிள்ளைகளின் பைகளை வேறு நிறத்தில் தைத்து, அவற்றில் துணிப் புத்தகமோ பெரிய மெழுகு வண்ணக் குச்சியோ மட்டும் வைக்கிறேன்.

இதில் மிகவும் கண்டிப்புக் காட்ட வேண்டிய பொருள் பொத்தான் பேட்டரி. காகிதக் கூண்டு செய்து, உள்ளே மலிவு விலை மின்விளக்கு ஒன்றை வைத்துக் கொடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. அந்த விளக்கின் அடிமூடி பலவற்றில் நகத்தாலேயே திறந்துவிடுகிறது. உள்ளிருக்கும் பேட்டரியைப் பிள்ளை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே அங்கே கடுமையான புண்ணை உண்டாக்கும். திருகாணி போட்டு மூடிய விளக்காக இல்லையென்றால் கூண்டை வெறுமனே கொடுங்கள். கூண்டு அழகாகத்தான் இருக்கும்.

அகலுக்கு உள்ளும் புறமும் வண்ணம் தீட்டுவது

தீபாவளிக்கு முன் லெபோ பாசாரில் மண் அகல்கள் மலிவாகக் கிடைக்கும். புதுமனை புகுவிழாவுக்கு இருபது முப்பது வாங்கி அக்ரிலிக் வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில் ஒட்டிக் கொடுப்பவர்கள் பலர். வாங்கிச் செல்பவர் அதில் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் மெல்ல ஊறி வெளிப்புறம் வந்து வண்ணத்தைத் தோலுரிக்கும், சாமி மேடையில் வட்டமாகக் கறை வைக்கும். விளிம்பில் தீட்டிய வண்ணம் திரியின் சூட்டில் கருகி நாறும். ஏற்றுவதற்கான அகலென்றால் வண்ணமே வேண்டாம். சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் காயவைத்து, எண்ணெய் குடிப்பதைக் குறைத்துக் கொடுங்கள். அழகு வேண்டுமென்றால் அது உட்காரும் தட்டில் கோலம் போடுங்கள். வண்ணம் தீட்டிய அகலில் மஞ்சளும் குங்குமமும் வைத்துத் தருவது இன்னொரு வழி.

அட்டையில் தமிழ் அச்சிடுவது

இதைப் பிழை என்று பலர் ஒப்புக்கொள்வதே இல்லை. பெயரட்டையை அச்சுக்கடைக்கு எழுத்துக் கோப்பாக அனுப்பினால், தமிழுக்கு ஆயத்தப்படுத்தாத மென்பொருளில் அது உடைந்துபோகும். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்க, பின்னால் போய் நிற்கும். புள்ளி தனியே மிதக்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வீட்டிலேயே வடிவமைத்து, படமாக மாற்றி அனுப்புங்கள். அனுப்பும் முன் வீட்டில் வேறொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "வாழ்துக்கள்" என்று எண்பது அட்டைகள் அச்சடித்த பிறகு, விடுபட்ட அந்தத் தகர மெய்யைப் பேனாவால் செருகிக்கொண்டு இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தவள் நான்.

சூட்டுப் பசை ஒட்டியதைக் காரில் விட்டுப் போவது

வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகும். சாக்லேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அழைப்பை எண்ணிச் செய்வது

அழைப்பை எண்ணாதீர்கள், வரும் தலைகளை எண்ணுங்கள். பத்துக்கு இரண்டு கூடுதலாக வையுங்கள். ஆயர் ஈத்தாம் பெண்ணின் டைனோசர்களை அன்றைக்கே உட்கார்ந்து மூவருமாகத் துடைத்து, படுக்கையறையில் குளிர்சாதனத்தைப் போட்டு, ஒட்டுத்தாளில் சுற்றி முடித்தோம். சனிக்கிழமை நாற்பதும் காய்ந்த முதுகோடு கொடுக்கப்பட்டன. அழைத்திருந்தது முப்பத்தாறு பிள்ளைகளை. வந்தது நாற்பத்து மூன்று. குறைந்த மூன்றுக்கு, மகனுக்கு வந்திருந்த பரிசுகளிலிருந்து வண்ணப் புத்தகம் மூன்றை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தாள். கேக் வெட்டும்போது சிரித்துக்கொண்டிருந்தவன், விருந்தாளிகள் போகும் நேரத்தில் அதற்காக அழுதுகொண்டிருந்தான்.