தோல் உறைக்குள் தூங்கிய கேமராவை வாங்காதீர்கள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். குடுவையும் தெர்மாமீட்டரும் பிழைப்பு. கேமரா ஆசை மாமாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. தக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் முப்பது வருஷம் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் பார்த்தவர் அவர். மீடியம் ஃபார்மட் கேமரா, அதாவது அகலமான 120 ரோல் ஃபிலிம் போடும் கேமரா, வாங்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மக்களே, அது ஓடின கேமராவா, கிடந்த கேமராவா?"

அந்தக் கேள்வி அன்றைக்கு மனசிலாகவில்லை. இணையத்தில் ஒருவர் போட்டிருந்த படத்தில் மயங்கி யாஷிகா மேட் என்ற இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றை வாங்கினேன். அதில் மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. கீறல் இல்லை, தோல் உறை பளபளவென்று இருந்தது. உறையைத் திறந்ததும் ஈர வாடை. டார்ச் அடித்தால், படம் எடுக்கும் லென்ஸுக்குள் வேர்வேராகப் பூஞ்சை. ஒரு விநாடி வைத்து அழுத்தினேன், ஷட்டர் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது. பணம் திரும்பி வரவில்லை.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. போதாததற்குக் கடல். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இருட்டும் காற்றில்லாத பெட்டியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு வேண்டாம். ஷட்டருக்குள் இருக்கும் எண்ணெயும் அசையாமல் கிடந்து பிசினாகிவிடும். வாரத்துக்கு நாலு கல்யாணம் எடுத்துத் தோல் தேய்ந்துபோன கேமராவுக்கு இந்த வியாதி வருவது குறைவு. அதைத்தான் மாமா கேட்டார். இப்போது என் கையில் இருப்பது மார்த்தாண்டம் பக்கம் மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவில் 14,000 ரூபாய்க்கு வாங்கிய யாஷிகா மேட் 124 ஜி. மூலைகளில் பெயிண்ட் போய்ப் பித்தளை தெரிகிறது. ஆனால் ஓடுகிறது.

எந்த மாடல் என்று ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். 120 ரோலில் 6×6 செ.மீ. சதுரமாக 12 படம் தரும் இரட்டை லென்ஸ் கேமராவில் தொடங்குவதுதான் என் கட்சி. ரோலைஃப்ளெக்ஸ் அருமையானது, விலையும் அப்படியே. மாமியா சி330-ல் லென்ஸ் மாற்றலாம், கழுத்து வலிக்கும். மாமியா ஆர்பி67-ல் 6×7 அளவில் 10 படம் கிடைக்கும், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறுவது அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறுவது மாதிரி. ஹாசல்பிளாட் கெட்டுப்போனால் பழுது பார்க்கும் செலவில் இன்னொரு யாஷிகா வாங்கலாம். லூபிடெல் மலிவு, சும்மா பழகிப்பார்க்கக் கொள்ளாம். பழைய யாஷிகா டி கிடைத்தாலும் விடாதீர்கள். அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரின் ஸ்பிரிங்கைத் தனியாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கப் போகும்போது ஒரு டார்ச், செல்போன், ஒளி ஊடுருவும் மங்கலான செலோடேப், காலாவதியான ஒரு 120 ரோல் எடுத்துப் போங்கள். விற்பவர் சாயா வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள், ஆனால் குடித்துக்கொண்டே சோதியுங்கள்.

முதலில் பின்கதவைத் திறந்து, ஷட்டர் வேகத்தை 'பி'-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்து, வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கீழ் லென்ஸுக்குள் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். நாலைந்து தூசி ஒன்றும் செய்யாது. சிலந்திவலை போல இருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. மொத்தமாகப் பால் கலங்கினது போல இருந்தால் படம் வெளுத்து வரும். மேல் லென்ஸில் பூஞ்சை இருந்தால் பரவாயில்லை, அது பார்ப்பதற்கு மட்டும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், நான் அப்படித்தான் குறைத்தேன்.

அடுத்தது ஷட்டர். ஒரு விநாடி, அரை, கால் எல்லாம் காதாலேயே தெரிந்துவிடும். இழுத்துக்கொண்டு முனகினால் எண்ணெய் பிசினாகிவிட்டது. அதற்கு மேல் செல்போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஓடும் ஸ்லோமோஷனில் பின்பக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். 1/30-க்கு வெளிச்சம் 8 ஃபிரேமில் தெரிய வேண்டும், 1/15-க்கு 16. 9, 10 என்று வந்தால் கவலையில்லை, 20 வந்தால் பழுதுக்கூலியைக் கழித்துப் பேசுங்கள். 1/500-ஐ இப்படி அளக்க முடியாது. இன்னொன்று: யாஷிகா மேட்டில் 1/500 வேண்டுமென்றால் ஷட்டரை ஏற்றும் முன்பே வைத்துவிடுங்கள், ஏற்றிய பிறகு திருகாதீர்கள். செல்ஃப் டைமர் குச்சியைத் தொடவே வேண்டாம். ஐம்பது வருஷ ஸ்பிரிங், நடுவில் நின்றுவிட்டால் ஷட்டரும் சேர்ந்து நிற்கும்.

ஃபோகஸ் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் செலோடேப்பை இழுத்து ஒட்டி, 'பி'-யில் ஷட்டரைத் திறந்து பிடித்து, தூரத்து செல்போன் டவரைப் பாருங்கள். மேலே கண்ணாடித் திரையில் கூர்மையாக இருக்கும்போது கீழே டேப்பிலும் கூர்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ முன்லென்ஸைக் கழற்றித் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். கடைசியாகக் காலாவதி ரோலைப் போட்டு முழுக்கச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சுற்றுவது தானாக நிற்கிறதா, 12 படமும் வருகிறதா என்று அப்போது தெரியும். 124 ஜி-யின் லைட் மீட்டர் வேலை செய்யவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. செல்போன் ஆப் போதும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. தோல் உறையைக் கழற்றி மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வார். கேமரா போகவேண்டிய இடம், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் நிம்மதி. ஆய்வகத்தில் நாங்கள் வைத்திருக்கும் நீலநிற ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும்; சூடு காட்டினால் திரும்ப நீலம். சமையல் சட்டியில் மட்டும் வறுக்காதீர்கள், அந்த நிறத்துக்குப் போடும் கோபால்ட் உப்பு விஷம். மாதம் ஒருமுறை ஃபிலிம் இல்லாமலாவது எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டுங்கள்.

ஃபிலிம் விஷயத்தில் நான் செய்த தப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று 400 வேகமாகவே (ஐஎஸ்ஓ எண்; கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும்) வாங்கியது. முட்டம் பாறையில் காலை பத்து மணிக்கு 400 ஃபிலிம் போட்டால் 1/500 விநாடி, எஃப் 16 என்ற மிகச் சின்ன அப்பெர்ச்சர் என்று கணக்கு வரும். கேமராவின் உச்சவேகமே அதுதான், அப்பெர்ச்சரைத் திறந்து பின்னணியை மங்கலாக்க வழியே இல்லை. வெயிலுக்கு எஃப்பி4 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் போல 125 வேகம் போடுங்கள். நல்ல வெயிலில் எஃப் 16, 1/125. அதிகாலைக்கும் மழை மூட்டத்துக்கும் 400 வேகக் கறுப்பு வெள்ளையான எச்பி5. வண்ணம் வேண்டுமென்றால் கோடாக் கோல்ட் 200, 2022 முதல் 120 அளவிலும் வருகிறது. கறுத்த முகங்களைக் கடல் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது மீட்டரை மணலுக்குக் காட்டாதீர்கள், முகத்தின் நிழல்பக்கத்துக்குக் காட்டுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைச்சலைத் தாங்காது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை நான் வெறும் நிழலுருவமாக எடுத்துவைத்திருக்கிறேன்.

ரோலை நிழலில் மாட்டுங்கள், நிழல் இல்லையென்றால் உங்கள் முதுகே நிழல். ஃபிலிமோடு சுற்றிவரும் தாளிலுள்ள அம்புக்குறி கேமரா உடம்பிலுள்ள குறிக்கு நேரே வந்ததும் கதவை மூடி, நிற்கும்வரை சுற்றினால் முதல் படம் தயார். முடிந்த ரோலைத் தளரவிடாமல் இறுக்கிப் பிடித்து ஒட்டுங்கள். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறும்.

திரையில் இடம் வலமாகத் தெரியும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகைத் தொடர்ந்து எடுக்கப் பார்த்து, எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி மூன்று படம் வெறும் கடலாகப் போனது. வீட்டில் நடக்கும் பூனையைத் திரையில் பார்த்துப் பழகுங்கள், காசு செலவில்லை. ஒரு மீட்டர் பக்கத்தில் ஆளை எடுத்தால், ஃபோகஸ் செய்தபின் கேமராவை நாலைந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இல்லையென்றால் தலை வெட்டுப்படும், மேல் லென்ஸ் பார்த்ததைக் கீழ் லென்ஸ் பார்ப்பதில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் 115 அடியையும் கீழே ஆற்றங்கரையிலிருந்து எடுக்க ஆசை வரும். கேமராவை அண்ணாந்தால் தூண்கள் உச்சியில் கூடிவிடும். தள்ளிப் போய், கேமராவைச் சமமாக வைத்து, கீழ்ப்பாதியில் வரும் புல்லையும் பாறையையும் பிரிண்ட் போடும்போது வெட்டிவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் ட்ரைபாட் நிற்காது, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இங்கே இரண்டு தொல்லை. ஒன்று, வியர்வை. கழுவும் டாங்குக்குள் ஃபிலிமைச் சுற்றிவைக்கும் பிளாஸ்டிக் ரீலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் 120 ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. வெளிச்சம் புகாத மாற்றுப்பையில் கைவிட்டு நான் அழாத குறை. ரீலை முதல்நாளே வெயிலில் காயவைத்து, விடியற்காலையில் ஏற்றுங்கள். இரண்டு, குழாய்த் தண்ணீரே 28 டிகிரிக்குக் குறைவதில்லை. எச்பி5-க்கு நீர் சேர்க்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். ஐஸ் போட்ட தொட்டியில் டெவலப்பர் குடுவையை வைத்து 20-க்கு இறக்கிவிடுவேன், டாங்கையும் அதே தொட்டியில் நிறுத்திவிடுவேன். ஐஸில் அது 20-க்குக் கீழே இறங்கவும் செய்யும், ஐஸ் கரைந்தால் வேர்க்கும் அறையில் மெல்ல ஏறவும் செய்யும், நடுவில் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்புக்கறை விழும். ஒர்க்ஷாப்பில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வையுங்கள். குளியலறையில் யாராவது குளித்துவிட்டுப் போன கையோடு அங்கேயே நெகட்டிவைத் தொங்கவிடுங்கள், அந்த ஆவியில் தூசி அடங்கியிருக்கும். கீழ்நுனியில் துணிக்கிளிப் ஒன்று மாட்ட மறக்காதீர்கள். காயும்வரை வீட்டில் யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.